வேளாங்கண்ணிக்கு நோயாளரோடு

ஆவணியில் தஞ்சாவூர்–நாகப்பட்டினம் சாலை காவி உடையால் நிறைந்துவிடும். ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 அன்னையின் பிறப்புப் பெருவிழா. நேர்ந்துகொண்டு நடப்பவர்களுக்கு அதுதான் காலம். ஆனால் பங்கின் நோயாளர்களை அழைத்துச் செல்லும் பங்குத்தந்தை இந்த நாட்களைத் தவிர்க்க வேண்டும். அந்த நெரிசலில் சக்கர நாற்காலி நகராது, கழிப்பறைக்கே வெகுநேரம் காத்திருக்க நேரும். பிப்ரவரி 11, உலக நோயாளர் நாளை ஒட்டிப் போகலாம். 2002இல் அந்த நாளின் உலகக் கொண்டாட்டமே வேளாங்கண்ணியில்தான் நடந்தது. வெயிலும் அப்போது தாங்கும்படி இருக்கும்.

குழு இரண்டாகப் பிரியட்டும். நடக்க முடிந்தவர்கள் தஞ்சாவூரிலிருந்து நீடாமங்கலம், திருவாரூர், நாகப்பட்டினம் வழியாக ஏறத்தாழ 90 கிலோமீட்டர் நடப்பார்கள். நோயாளர்கள் வண்டியில் வந்து சேர்வார்கள். நடை அதிகாலை நான்கு மணிக்குத் தொடங்கி, வெயில் ஏறும் முன் நின்றுவிட வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவருக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கும், கொப்புளம் வந்ததே தெரியாது. ஆகவே ஒவ்வொரு தங்கலிலும் இன்னொருவர் அவர் காலைப் பார்க்க வேண்டும். வெறுங்காலோடு நடப்பேன் என்று நேர்ந்திருந்தாலும் இவர்களைச் செருப்பு போடச் சொல்லும் பொறுப்பு குருவுக்கு உண்டு. ‘மாதாவைப் பார்க்கப் போகிறோம்’ என்று மாத்திரையை நிறுத்துகிறவர்களும் உண்டு. மாத்திரையை நிறுத்தக்கூடாது என்று புறப்படும் முன்பே பீடத்திலிருந்து சொல்லிவிட வேண்டும்.

இந்தப் பயணத்தின் நடு நாயகம் நோயில்பூசுதல், அதாவது நோயாளருக்காக மன்றாடிக் குரு எண்ணெய் பூசும் அருளடையாளம். இன்றும் பல வீடுகளில் பெரியவர்கள் இதை ‘அவஸ்தைப்பூசுதல்’ என்றே சொல்கிறார்கள். சாமியார் எண்ணெயோடு வந்தால் ஆள் போகப்போகிறார் என்ற அச்சம் அந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்டது. மூச்சு இழுக்கும்போதுதான் ஆள் அனுப்புவார்கள், குரு வந்து சேர்வதற்குள் நினைவு தப்பியிருக்கும். 1972இல் திருத்தந்தை ஆறாம் பவுல் திருத்திய சடங்கு இந்த அச்சத்துக்கு இடமே கொடுக்கவில்லை. கடுமையான நோய் தொடங்கியவர், பெரிய அறுவை சிகிச்சைக்குப் போகிறவர், முதுமையால் தளர்ந்தவர் எல்லாரும் பெறலாம். நோய் முற்றினால் மறுபடியும் பெறலாம். அதற்காக, ஆசீர் கிடைக்கட்டும் என்று தலைவலிக்காரர் வரை எல்லாரையும் வரிசையில் நிறுத்துவதும் தவறு. பெயர்களை முன்கூட்டியே எழுதி வாங்கி, ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய்ப் பேசி, ஒப்புரவுக்கும் (பாவசங்கீர்த்தனத்துக்கும்) நேரம் ஒதுக்குவதே முறை.

எண்ணெய் புனித வாரத்தில் ஆயர் அர்ச்சித்தது. சிறு உலோகச் சிமிழில் பஞ்சில் ஊறவைத்திருப்பார்கள். பல மாதம் திறக்காமல் கிடந்தால் பஞ்சு காய்ந்துபோகும். பத்துப் பதினைந்து பேருக்குப் பூசவேண்டும் என்றால் முந்தின நாளே பார்த்துக்கொள்ள வேண்டும். யாக்கோபு 5:14–15 வாசித்து, மன்றாடி, குரு ஒவ்வொருவர் தலைமீதும் வாய் பேசாமல் கை வைக்கிறார். பிறகு நெற்றியிலும் இரு உள்ளங்கைகளிலும் பூசுகிறார்.

பெரும்பாலும் அவசரத்தில் கெட்டுப்போவது அந்த மௌனம்தான். பாடகர் குழு பாடத் தொடங்கிவிடும், ஒலிபெருக்கியில் யாராவது அறிவிப்பு கொடுப்பார்கள். குருவுக்கே அந்த மௌனம் எங்கிருந்து வந்தது என்று நினைத்துப் பார்த்தால் இதை விடமாட்டோம். குருமடத்தில் மெய்யியலும் இறையியலுமாகக் குறைந்தது ஆறு ஆண்டுகள், குருவாகும் முன் திருத்தொண்டராகக் குறைந்தது ஆறு மாதங்கள். இத்தனைக்கும் பிறகு, குருவாகும் திருநிலைப்பாட்டு நாளில் அவர் தரையில் குப்புற விழுந்து கிடந்து எழுகிறார். ஆயர் ஒரு சொல்லும் சொல்லாமல் அவர் தலைமீது கை வைக்கிறார். அதன்பின் அவர் உள்ளங்கைகளில் கிறிஸ்மா என்னும் புனித எண்ணெய் பூசப்படுகிறது. பழைய முறையில், நோயுற்ற குருவுக்கு எண்ணெய் பூசும்போது புறங்கையில்தான் பூசுவார்கள். உள்ளங்கை ஏற்கெனவே பூசப்பட்டது என்பதால். ஆயரிடம் அவர் மௌனமாக வாங்கியதைத்தான் நோயாளியின் தலைமீது வைக்கிறார். ஒருவருக்கு அரை நிமிடமாவது கொடுங்கள்.

மறுநாள் விடியுமுன், மாதா காட்சி தந்ததாகச் சொல்லப்படும் மாதா குளத்துக்குப் போகலாம். மணல் பாதையில் முழங்காலால் நகர்கிறவர்கள் வெயில் ஏறியபின் போனால் சூட்டில் தோல் உரியும். மூட்டு அறுவை செய்தவர்கள் பக்கத்தில் நடந்தபடி செபமாலை சொன்னால் போதும். மாதா காட்சி தந்த இன்னோர் இடமாகச் சொல்லப்படும் நடுத்திட்டில் நின்று, மோர் விற்ற ஊனமுற்ற சிறுவன் எழுந்து நாகப்பட்டினத்துக்கு ஓடினான் என்ற மரபைச் சொல்லும்போது கவனம் வேண்டும். கேட்பவர்களில் எழுந்து நடக்கப்போகாதவர்களும் இருப்பார்கள். ‘விசுவாசம் போதவில்லை’ என்று அவர்கள் தங்களையே நொந்துகொள்ளும்படி ஒரு சொல்கூட வரக்கூடாது. 2004 டிசம்பர் 26 காலை சுனாமியில் இதே கரையில் யாத்திரிகர்கள் பலர் கடலோடு போனார்கள். அவர்களும் நம்பி வந்தவர்கள்தான். அண்மையில் உறவை இழந்தவர்கள் குழுவில் இருந்தால், கடலைப் பார்த்தபடி இறந்தோருக்காக ஒரு செபம் சொல்ல நேரம் விடுங்கள். அழுகிறவர்களை அழவிடுங்கள்.

ஊர் திரும்பிய வாரத்துக்குள், எண்ணெய் பூசப்பட்டவர்களின் பெயர்ப் பட்டியல் வீடுகளுக்கு நற்கருணை கொண்டு போகிறவர்கள் கையில் இருக்க வேண்டும். நோயாளர் வீடுகளுக்கு வழக்கமாக நற்கருணை போகும் மாதத்தின் முதல் வெள்ளி வரை காத்திருக்க வேண்டாம்.