தப்பித்துவிடும் என்றுதான் சொன்னேனா?

லாரிக்காரப் பெரியவர் கேட்டது ஒரே கேள்வி. "தம்பி, இதைப் போட்டால் பெரிய பம்ப் தப்பித்துவிடுமா?"

நான் லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தேன். டேங்கிலிருந்து டீசலைப் பெரிய பம்புக்கு அனுப்பும் புது ஃபீட் பம்பின் பிராக்கெட்டுக்காகச் சேஸிஸில் துளை போட்டுக்கொண்டிருந்தேன். ட்ரில்லை நிறுத்திவிட்டுப் பதில் சொன்னேன். சொன்னது "தப்பித்துவிடும்" என்றா, "தப்பித்துவிடலாம்" என்றா? ஓராண்டு ஆகிவிட்டது, இன்னும் எனக்கு அது தீரவில்லை. அவர் நினைவில் இருப்பது முதல் சொல். என் நினைவில் இருப்பது இரண்டாவது. நான் பொய் சொல்லவில்லை, அவரும் பொய் சொல்பவர் இல்லை.

அது விபி44 என்ற இஞ்செக்‌ஷன் பம்ப் உள்ள பழைய வண்டி. எஞ்சினுக்குள் டீசலைப் பாய்ச்சும் அதுதான் அவர் சொன்ன பெரிய பம்ப். அந்தப் பம்பைத் தெரிந்தவர்களுக்குப் பாதிக் கதை இப்போதே புரிந்திருக்கும். பழைய இன்லைன் பம்ப் என்றால் அதன் கேம்ஷாஃப்ட் எஞ்சின் ஆயிலில் நனைந்துகொண்டிருக்கும். டீசல் வரத்து குறைந்தால் வண்டி இழுக்காது, பெரும்பாலும் அத்தோடு போய்விடும். இந்த ரோட்டரி பம்ப் அப்படியில்லை. அதற்கு வழுவழுப்பும் டீசல்தான், குளிர்ச்சியும் டீசல்தான். எரிவதற்கு வேண்டியதைவிட அதிகமான டீசல் உள்ளே போய், சூட்டை வாங்கிக்கொண்டு, ஓவர்ஃப்ளோ வால்வு வழியாக டேங்குக்குத் திரும்ப வேண்டும். அந்த வால்வு திறப்பதே சதுர அங்குலத்துக்குச் சுமார் 14 பவுண்டு அழுத்தத்தில்தான். ஃபீட் பம்ப் சோர்ந்து அழுத்தம் ஐந்துக்கும் மூன்றுக்கும் இறங்கினாலும் எஞ்சின் ஓடும். ஓட்டுபவருக்கு வித்தியாசம் தெரியாது. உள்ளே உலோகம் உலோகத்தைத் தின்றுகொண்டிருக்கும்.

அவர் வண்டியில் அதுதான் நடந்துகொண்டிருந்தது. தற்காலிகமாக டீசல் அழுத்தத்தைக் காட்டும் ஒரு கேஜ் மாட்டி ஓட்டிப் பார்த்தோம். வண்டி நின்றபடி எஞ்சின் மட்டும் ஓடும் ஐடிலில் 8 பவுண்டு. பாரத்தோடு மேடு ஏறும்போது முள் ஒன்றுக்கு வந்து நடுங்கியது. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அந்த முள்ளையே பார்த்தார். "இது எத்தனை நாளாக இப்படி இருக்கும்?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். அப்போது அந்தச் சொல் என் வாயில் எவ்வளவு சுலபமாக வந்தது என்பதை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அதே நாள் மாலையில், அதைவிடத் தெரியாத ஒன்றைக் கேட்டபோது அது வரவில்லை.

வேலையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எஞ்சின் பிளாக்கிலேயே உட்கார்ந்திருந்த பழைய ஃபீட் பம்புக்கு எஞ்சின் சூடும் அதிர்வும் ஒரு பக்கம் எதிரி, டேங்கிலிருந்து அவ்வளவு தூரம் உறிஞ்ச வேண்டியிருந்தது இன்னொரு பக்கம் எதிரி. மின்சார பம்புக்குத் தள்ளுவது எளிது, இழுப்பது கடினம். அதனால் புதியதைச் சேஸிஸில், டேங்குக்குப் பக்கத்தில், தாழ்வாகப் பொருத்தினேன். தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்று, நுண்ணிய ஃபில்டர் ஒன்று, டீசலோடு கலந்து வரும் காற்றை டேங்குக்கே திருப்பி அனுப்பும் தனிக் குழாய். டீசல் உள்ளே புகுந்து போகும் பழைய குறுகலான பேஞ்சோ போல்ட்டுகளை எடுத்துவிட்டு, வழி நெடுக அரை அங்குல ஹோஸ். பேட்டரியிலிருந்து நேராக ஃபியூஸ் வைத்து ரிலேக்கு மின்சாரம்; பழைய பம்புக்குப் போன வயர் இப்போது ரிலேயை எழுப்புவதோடு சரி. சாவியைத் திருப்பி ஸ்டார்ட்டரை ஒரு கணம் மட்டும் சுற்றவிட்டுச் சாவியை விட்டால் பம்ப் 20 விநாடிக்கு மேல் தானாக ஓடிக் காற்றை வெளியே தள்ளிவிடும். மூன்று முறை அப்படிச் செய்த பிறகு முதல் சுற்றிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஐடிலில் 15 பவுண்டு, அதே மேட்டில் அதே பாரத்தோடு 12. நல்ல வேலை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

ஆனால் அந்த வேலைக்கு நடுவில் இரண்டு விஷயங்கள் இருந்தன.

ஒன்று, ஓவர்ஃப்ளோ வால்வு. அதன் ஸ்பிரிங் சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கழற்றினேன். வாயிலிருந்து வழிந்த டீசல் என் கட்டைவிரலில் பட்டது. துணியை எடுப்பதற்கு முன் விரலை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். ரேகைகளின் பள்ளங்களில், டீசலின் மஞ்சளுக்கு அடியில், மிக நுண்ணிய மினுமினுப்பு ஒன்று இருந்தது. விரலைச் சாய்த்தால் தெரிந்தது, நேராக்கினால் மறைந்தது. ஆள்காட்டி விரலோடு சேர்த்துத் தேய்த்தேன். கையில் ஒன்றும் நெருடவில்லை. அந்த வால்வின் மரையைத் திருகிக் கழற்றும்போதே அப்படிக் கொஞ்சம் தூள் வரும். நூறு முறை பார்த்திருக்கிறேன். அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துத் துடைத்துவிட்டேன். நினைத்தேனா, நினைத்துக்கொண்டேனா? பம்புக்குள்ளிருந்து திரும்பும் டீசல் வரும் வாய் அது. அங்கே உலோகத் தூள் இருந்தால் அது மரையிலிருந்து வந்திருக்கலாம், பம்பின் வயிற்றிலிருந்தும் வந்திருக்கலாம். வெள்ளைக் கிண்ணத்தில் அரை லிட்டர் பிடித்து, அரை மணி நேரம் வைத்து, ஒரு காந்தத்தையும் காட்டியிருந்தால் கொஞ்சமாவது தெரிந்திருக்கும். நான் செய்யவில்லை.

இரண்டாவது, அவர் போகிற போக்கில் சொன்னது. சூடாக இருக்கும்போது நிறுத்திவிட்டு உடனே கிளப்பினால் வண்டி அதிக நேரம் சுற்றிப் பிறகுதான் பிடிக்கிறது என்றார். ஆறிய பிறகு தொந்தரவில்லையாம். ஃபீட் பம்ப் இவ்வளவு பலவீனமாக இருந்தால் அப்படித்தான் இருக்கும் என்றேன். அது தவறான பதில் இல்லை, முழுப் பதிலும் இல்லை. ரோட்டரி பம்பின் உட்பகுதிகள் தேய்ந்திருந்தாலும் இதே அறிகுறிதான். சூட்டில் டீசல் நீர்த்துப்போகும், தேய்ந்த இடைவெளிகளில் கசிந்துவிடும், எஞ்சினுக்குள் டீசலைத் தூவும் நாசிலைத் திறக்க வேண்டிய அழுத்தம் சேராது. இதற்குப் பழைய கைகள் செய்யும் சோதனை ஒன்று உண்டு. சூட்டில் கிளம்ப மறுக்கும்போது பம்பின் மேல் ஈரத் துணியைப் போட்டு ஆற வைப்பது. பம்ப் மட்டும் குளிர்ந்ததும் எஞ்சின் பிடித்துக்கொண்டால், நோய் பம்பில்தான். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் செய்து காட்டியிருக்கிறார். ஒரு வாளித் தண்ணீரும் ஒரு கோணியும் போதும்.

ஏன் செய்யவில்லை? வண்டியின் கம்ப்யூட்டரில் ஒரு பழுதுக் குறியீடும் பதிவாகியிருக்கவில்லை. வண்டி இழுத்தது. புகை இல்லை. குறைந்த அழுத்தம் என்ற காரணம் கேஜில் கண்முன்னே தெரிந்தது. ஒரு காரணம் கையில் கிடைத்த பிறகு இன்னொன்றைத் தேடிப் போகிறவர்கள் குறைவு. இந்தக் காரணங்களையெல்லாம் இப்போது வரிசையாக எழுதும்போது அவை சரியாகவே இருக்கின்றன. இவ்வளவு சரியாக இருப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

மறுபடி அந்தச் சொல்லுக்கே வருகிறேன். நம் மொழியில் "விடும்" என்பதற்கும் "விடலாம்" என்பதற்கும் நடுவில் இருப்பது ஓரிரு எழுத்துத்தான். லாரிக்கு அடியிலிருந்து, மூக்கிலும் வாயிலும் இரும்புத் தூள் விழுந்துகொண்டிருக்கும்போது சொன்ன சொல், வெளியே நிற்பவர் காதில் எப்படி விழும்? கவலையோடு கேட்பவர் தனக்கு வேண்டிய சொல்லைத்தான் கேட்டுக்கொள்வார் என்று நானே எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், என் குரல் எனக்குத் தெரியும். வாடிக்கையாளர்களிடம் நான் "லாம்" போட்டுப் பேசுகிறவன் இல்லை. பத்து ஆண்டுகளாகப் பலர் என்னிடம் வண்டியைத் தருவதற்கு அந்த உறுதியான குரலும் ஒரு காரணம். அன்று மட்டும் ஏன் இழுத்துப் பேசியிருப்பேன்?

பட்டறையில் என்னோடு இருக்கும் பையன் அப்போது பக்கத்திலேயே விளக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பல மாதங்கள் கழித்து அவனிடம் கேட்டேன், நான் அன்று என்ன சொன்னேன் என்று. அவன் கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே, "நீங்கள் சரியாகத்தான் சொன்னீர்கள் அண்ணா" என்றான். மேலே நான் கேட்கவில்லை. அவனை அப்படி ஓர் இடத்தில் நிறுத்தியிருக்கக் கூடாது.

நான்காவது மாதம் வண்டி பாரத்தோடு நின்றது. ஸ்கேனரில் பி0216 என்ற பழுதுக் குறியீடு வந்தது. கம்ப்யூட்டர் கேட்ட டைமிங்கை, அதாவது டீசல் பாய வேண்டிய சரியான நேரத்தை, இஞ்செக்‌ஷன் பம்பால் தர முடியவில்லை என்று பொருள். டைமிங் பிஸ்டன் ஓடும் பாதை தேய்ந்து, பிஸ்டன் சிக்கிக்கொள்வதுதான் இதற்கு வழக்கமான காரணம். நான் முதலில் செய்தது என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும். அவரிடம் ஒரு வார்த்தை பேசுவதற்கு முன், கேஜை எடுத்துப் போய் மாட்டினேன். 15 பவுண்டு, மாட்டிய அன்று இருந்த அதே 15. எனக்குள் ஏதோ ஒன்று ஆறுதலாக மூச்சு விட்டது. அவருடைய வண்டி நகர முடியாமல் நின்றுகொண்டிருந்தது, சரக்குக்கு உரியவர் தொலைபேசியில் அவரைக் கத்திக்கொண்டிருந்தார், நான் முள்ளைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். அந்த ஒரு நொடியை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

"ஐயா, நான் போட்டது நன்றாகத்தான் இருக்கிறது" என்றேன்.

"அது நன்றாக இருப்பது தெரிகிறது தம்பி. தப்பித்துவிடும் என்றீர்களே?" கோபமாகக் கேட்கவில்லை. பாதையை மறந்துவிட்டு வழி கேட்பவரைப் போலக் கேட்டார்.

நான் "தப்பித்துவிடலாம் என்றுதான் ஐயா சொன்னேன்" என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி" என்றார்.

அந்தச் சரியோடு விட்டிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். புதுப்பித்த பம்ப் ஒன்றை அவரே வாங்கி வந்தார். மாட்டிக் கொடுத்தேன். கூலி வேண்டாம் என்றேன். அப்போதுதான் அவர், "தப்பு உங்கள் மேல் இல்லையென்றால் கூலியை வாங்கிக்கொள்ளுங்கள். இருந்தால் சொல்லிவிடுங்கள், வாங்க வேண்டாம். எனக்கு இரண்டுமே சரிதான்" என்றார்.

நான் பாதி வாங்கினேன்.

ஏன் பாதி? அன்று அது நியாயமாகப் பட்டது. பம்ப் ஏற்கெனவே தேய்ந்துதான் இருந்தது, புது ஃபீட் பம்ப் இல்லாவிட்டால் நான்கு மாதங்கள்கூட ஓடியிருக்காது என்று இன்றும் நம்புகிறேன். அதில் என் தவறு இல்லை. ஆனால் தேய்ந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்ற இரண்டு அறிகுறிகள் இருந்தும் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் இரண்டையும் சேர்த்தே மாற்றியிருப்பாரோ, வண்டியையே விற்றிருப்பாரோ, அல்லது இதே போல ஓட்டிப் பார்த்திருப்பாரோ. பாரத்தோடு நடுவழியில் நின்றிருக்க மாட்டார், அது மட்டும் நிச்சயம். அதுவும் நிச்சயமில்லை. தெரிந்தே ஓட்டியிருந்தாலும் ஒருநாள் எங்கோ நின்றிருக்கும்.

பழைய பம்பை அவர் எடுத்துப்போகவில்லை. என்னிடமே இருக்கிறது. பிரித்துப் பார்த்தால் தேய்மானம் தெரியும். எவ்வளவு நான் வருவதற்கு முன், எவ்வளவு அதற்குப் பின் என்று தெரியாது. இரண்டு முறை மேசைமேல் எடுத்து வைத்து, மேல் மூடியின் ஸ்க்ரூக்களைத் துடைத்துவிட்டு, மறுபடி அலமாரியில் வைத்துவிட்டேன்.

இப்போதெல்லாம் இந்த வேலைக்கு வருபவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பம்ப் தப்பிக்குமா என்பது எனக்குத் தெரியாது, திரும்பும் டீசலைப் பிடித்துப் பார்ப்போம், சூட்டில் கிளப்பிப் பார்ப்போம், அதன் பிறகும் உறுதியாகச் சொல்ல முடியாது. சிலர் நன்றி சொல்கிறார்கள். ஒருவர் என் முகத்தைப் பார்த்தே நம்பிக்கை இழந்து வேறு பட்டறைக்குப் போனார். அங்கே ஒன்றும் ஆகாது என்று சொல்லி மாட்டிக் கொடுத்தார்களாம். அவருடைய பம்ப் இன்றுவரை நன்றாக ஓடுகிறது. என் விரலில் பட்டிருந்தால் அவர் வண்டியிலும் அந்த மினுமினுப்பைப் பார்த்திருப்பேனோ என்னவோ. நான் பயமுறுத்தியிருப்பேன், அவர் தேவையில்லாமல் பெரிய செலவு செய்திருப்பார்.

பெரியவர் இன்னும் என்னிடம்தான் ஃபில்டர் மாற்ற வருகிறார். போன வாரமும் வந்தார். பானெட்டைத் திறந்ததும் அவர் கண் முதலில் கேஜுக்குத்தான் போனது. இப்போது அது அவர் வண்டியில் நிரந்தரமாக இருக்கிறது. 15 என்று அவரே படித்துச் சொன்னார். வேலை முடிந்து கிளம்பும்போது, "அடுத்த மாதம் தூரமாகப் போகிறேன், வண்டி தாங்கும் இல்லையா தம்பி?" என்றார்.

நான் வால்வைக் கழற்றி, டீசலைக் கிண்ணத்தில் பிடித்து, அவரையும் பக்கத்தில் நிற்கவைத்துப் பார்க்கச் சொன்னேன். இருவரும் குனிந்து பார்த்தோம். தெளிவாகத்தான் இருந்தது. அவர் நிமிர்ந்து, நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தார்.