ஏசி30-ஐ விட மனசு வரவில்லை

பழைய வாக்ஸ் ஏசி30 கிட்டார் ஆம்ப்ளிஃபையரை ஆன் செய்ததும் உடனே சத்தம் வராது. வால்வு (டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழாய்) ரேடியோ இருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும், உள்ளே இழை சூடாகி மெல்ல ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும் வரை காத்திருக்க வேண்டும். எனக்கு அந்தக் காத்திருப்பே பிடிக்கும்.

இங்கிலாந்தின் டார்ட்ஃபோர்டில் டிக் டென்னி முதலில் 15 வாட் ஆம்ப் ஒன்றை வடிவமைத்தார். ரசிகர்களின் கூச்சலைத் தாண்டிக் கேட்க தி ஷேடோஸ் போன்ற இசைக் குழுக்களுக்கு அது போதவில்லை, அதனால் 1950களின் இறுதியில் சக்தியை இரட்டிப்பாக்கி ஏசி30 வந்தது. அதில் நான்கு இஎல்84 வால்வுகள்.

சரி, இத்தனை வருடம் கழித்தும் இதில் என்ன இருக்கிறது? மெதுவாக மீட்டினால் மணி போலத் தெளிவாக ஒலிக்கும். அழுத்தி மீட்டினால் வால்வு தன் எல்லையைத் தொட்டு, அலையின் முகட்டைச் சட்டென வெட்டாமல் வளைத்து மழுக்குகிறது, கூடவே மின்னழுத்தமும் ஒரு கணம் தாழ்ந்து எழுவதால் அந்த ஸ்வரம் விரலுக்கடியில் மூச்சு விடுவது போல இருக்கும். சாதாரண டிரான்சிஸ்டர் ஆம்பில் அதே அலை தட்டையாக வெட்டுப்பட்டு காதில் குத்தும்.

குயீன் இசைக் குழுவின் கிட்டார் கலைஞர் பிரையன் மே இதை உச்ச சத்தத்தில் வைத்துவிட்டு, கிட்டாரின் வால்யூம் குமிழாலேயே ஒலியை மாற்றுவார். நானும் அப்படி வாசித்துப் பார்த்தேன். அப்புறம் ஒலியை மாற்றக் காலால் அழுத்தும் என் பெடல்களில் பாதியைக் கழற்றி வைத்துவிட்டேன்.