பிளான் இல்லாத வீடு, 20 குழி மனை

ஜூன் 2, 2025, திங்கள்

விலைக்கு வந்த ஒரு வீட்டை வாங்குமுன் சரிபார்த்த குறிப்பு இது. கும்பகோணத்துக்குத் தெற்கே, அரசலாற்றுப் பாசனத்தில் ஓர் ஊராட்சி. மனை 20 குழி (2,880 சதுர அடி). முன்பக்கம் பழைய ஓட்டுக்கட்டு, பின்பக்கம் 2004-ல் எழுப்பிய மெத்தைக்கட்டு, அதாவது தளம் போட்ட பகுதி. விற்பவர் கையில் இருப்பவை: 1989 கிரயப் பத்திரத்தின் ஜெராக்ஸ், வீட்டு வரி ரசீது இரண்டு, மின் கட்டண அட்டை. அசல் பத்திரமும் இல்லை, அனுமதி பெற்ற கட்டட வரைபடமான பிளானும் இல்லை.

எல்லோரும் முதலில் பிளானைத்தான் தேடுகிறார்கள். டெல்டாவில் முதல் கேள்வி வேறு: அடிமனை யாருடையது? கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கம் தெருத் தெருவாகக் கோயில் இடத்திலும் மடத்து இடத்திலும் வீடுகள் நிற்கின்றன. சுவரும் கூரையும் குடியிருப்பவருடையவை, மண் கோயிலுடையது. அங்கே பிளான் அசலாகவே இருந்தாலும், மூன்று தலைமுறை வரி கட்டியிருந்தாலும், மனையை விற்க முடியாது. அறநிலையத் துறைச் சட்டம் 34-ஆம் பிரிவுப்படி அனுமதியின்றிக் கோயில் நிலத்தை விற்பது செல்லாது. பதிவுச் சட்டம் 22-ஏ பிரிவைக் காட்டிச் சார்பதிவாளரும் பத்திரத்தைத் திருப்பிவிடுவார்.

வில்லங்கச் சான்றை (சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) நம்பி இதில் ஏமாறுகிறார்கள். கோயில் தன் நிலத்தை யாருக்கும் விற்காததால் வில்லங்கத்தில் அதன் பெயர் வராமலே போகலாம். பார்க்க வேண்டியவை: ஏ-பதிவேட்டில் (கிராம நிலங்களின் அடிப்படைப் பதிவேடு) உரிமையாளர் கலம், நகரமானால் நகர நில அளவைப் பதிவேடு, நத்தமானால் (ஊர்க் குடியிருப்பு நிலம்) நத்தம் அடங்கல், கோயில் செயல் அலுவலரிடம் உள்ள சொத்துப் பதிவேடு. பழைய பத்திரத்தை வரி விடாமல் படிக்க வேண்டும். “அடிமனை நீங்கலாக”, “மேல் கட்டுமானம் மட்டும்” என்ற இரண்டு சொல் போதும், விலையே மாறிவிடும்.

இந்த வீடு நத்தம். அடங்கலில் விற்பவரின் தாத்தா பெயர். மேலே போகலாம்.

ஜூன் 3, செவ்வாய்

வில்லங்கம். பதிவுத் துறைத் தளத்தில் 1975 முதல் கிடைக்கிறது. அதற்கு முந்தைய காலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுத் தேட வேண்டும். நத்தம் நிலவரித் திட்டத்தில் புல எண் புதிதாக மாறியிருந்தால், புது எண்ணை மட்டும் கொடுத்துத் தேடும்போது பழைய பத்திரங்கள் வராது. பழைய எண், புது எண் இரண்டுக்கும் தனித்தனியாகப் போட வேண்டும். ஊர் முன்பு வேறு சார்பதிவாளர் எல்லையில் இருந்ததா என்றும் கேட்டு, இருந்தால் அங்கும் தேட வேண்டும்.

ஜூன் 5, வியாழன்

“அசல் தொலைந்து போச்சு” என்ற பேச்சை அப்படியே ஏற்கக் கூடாது. கடனுக்காக எங்காவது ஒப்படைத்திருக்கலாம். பதிவு செய்யாத ஒப்படைப்பு வில்லங்கத்தில் தெரியாது. விற்பவரே காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று வாங்கட்டும். அந்தப் பகுதியில் விற்கும் நாளிதழில் புல எண், பத்திர எண்ணோடு விளம்பரம் வந்து 15 நாளாவது காத்திருக்க வேண்டும். பதிவு அலுவலகச் சான்றிட்ட நகல் உரிமைத் தொடரைக் காட்டும். அசல் அடகில் இல்லை என்பதைக் காட்டாது.

ஜூன் 9, திங்கள்

12-ஆம் தேதி மேட்டூர் திறப்பு. வாய்க்காலில் தண்ணீர் ஏறிவிட்டால் கொல்லைக் கடைசியில் கரைக்கல் தெரியாது, சங்கிலி பிடிக்க முடியாது. அதனால் அளவை இந்த வாரமே.

பத்திரம் குழியில் பேசுகிறது, பட்டா ஹெக்டேரில். ஒரு குழி 144 சதுர அடி; 100 குழி ஒரு மா. 20 குழி என்றால் 2,880 சதுர அடி. தரையிலும் 24 அடி அகலம், 120 அடி நீளம், சரியாக 2,880. ஆனால் பட்டாவில் 0.02.45 ஹெக்டேர்: 245 சதுர மீட்டர், அதாவது சுமார் 2,637 சதுர அடி. 243 சதுர அடி குறைகிறது. 24 அடி அகலத்தில் அது கடைசி 10 அடி. புலப்படத்தை (புல எண்ணின் அளவை வரைபடம்) வைத்துப் பார்த்தால் அந்த 10 அடி வாய்க்கால் புறம்போக்கு. கழிவறையும் செப்டிக் டேங்கும் அங்கேதான் நிற்கின்றன. பட்டா 0.02.67 என்றிருந்தால் வித்தியாசம் 6 சதுர அடி, அதைத் தள்ளிவிடலாம். இதைத் தள்ள முடியாது. கிரயம் 2,637-க்குத்தான். கழிவறையை மனைக்குள் கொண்டுவரும் செலவையும் விலையில் கழிக்க வேண்டும்.

ஜூன் 12, வியாழன்

இப்போது கட்டடம். தொலைந்த அனுமதி வேறு, வாங்காத அனுமதி வேறு. முதலில் எது என்று தெரிய வேண்டும்.

ஊராட்சியில் கட்டட அனுமதிப் பதிவேட்டின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்: 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப், 30 நாள். ஆண்டைக் குறுக்கிக் கேட்டால்தான் தேடுவார்கள். ஆண்டுக்குத் துப்பு: வீட்டு வரிக் கேட்புப் பதிவேட்டில் வரி எந்த வருடம் ஏறியது, மின் இணைப்பு எந்தத் தேதியில் வந்தது. விற்பவர் முன்பு வீட்டுக் கடன் வாங்கியிருந்தால் வங்கிக் கோப்பில் பிளான் நகல் கிடக்கும். பலரும் அங்கே கேட்பதே இல்லை.

ஓட்டுக்கட்டு 1997 ஊராட்சிக் கட்டட விதிகளுக்கு முந்தையது. அதற்குப் பிளான் இல்லாதது பெரிய அபாயம் இல்லை. மெத்தைக்கட்டு 2004. அதற்கு ஊராட்சி அனுமதி இருந்தாக வேண்டும். பதிவேட்டில் இல்லையென்றால், பதிவு பெற்ற பொறியாளரை வைத்து உள்ளபடி வரைபடமும் கட்டட உறுதிச் சான்றும் எடுத்து, இன்றைய விதியில் பக்க இடைவெளி பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். பொருந்தினால் விண்ணப்பிக்கலாம். பொருந்தாவிட்டால் அந்தக் கட்டுக்கு விலை வைக்காமல் மண்ணுக்கு மட்டும் பணம் கொடுப்பதே நியாயம். வீட்டு வரி ரசீது அனுபோகத்தைக் காட்டும், அனுமதி ஆகாது.

இதே வீடு தாராசுரம் கோயிலுக்கு அருகில் இருந்தால் கதை வேறு. தொல்லியல் துறைச் சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் தடைப்பகுதி, அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. தடைப்பகுதியில் புதுக் கட்டடத்துக்கு வழியே இல்லை. பழுது பார்க்கவும் அனுமதி வேண்டும்.

ஜூன் 16, திங்கள்

“பிளான் இல்லையா, காலி மனை என்று எழுதிவிடலாம்” என்று தரகர் சொல்வார். வேண்டாம். களப்பார்வையில் வீடு தெரிந்தால் குறைவு முத்திரைத் தீர்வை வரும். தெரியாவிட்டாலும் வாங்கியவர் கையில் பத்திரத்தில் இல்லாத வீடு இருக்கும், கடனும் கிடைக்காது.

ஒப்பந்தத்தைப் பதிவு செய்தே போட வேண்டும். முன்பணம் சிறிதாக. உள்ளே எழுத வேண்டியவை: பட்டா பெயர் மாற்றம், காவல் சான்று, விளம்பரம், பதிவேட்டு நகல் ஒவ்வொன்றையும் யார், எந்தத் தேதிக்குள் தருவது, எது வராவிட்டால் முன்பணம் முழுதாகத் திரும்பும், அளவு 2,637 சதுர அடி, வாய்க்கால் ஓரம் 10 அடி கிரயத்தில் சேராது.