துவக்குப் பதிவேடும் அத்தானும்

நீண்டகுழல் துவக்கு யார் யாரிடம் இருக்கிறது என்ற அரசுப் பதிவேட்டைக் கனடா இல்லாமலாக்கியது 2012 ஏப்ரலில். ரைபிளும் ஷொட்கன்னும்தான் அதில் அடக்கம். கைத்துப்பாக்கிகளின் பதிவு 1934இலிருந்தே இருக்கிறது, அதில் யாரும் கை வைக்கவில்லை. நாட்டில் அடங்கிப்போன இந்தச் சண்டை எங்கள் குடும்பத்தில் மட்டும் இன்னும் அடங்கவில்லை. காரணம் அத்தான். ஒன்ராறியோவின் வடக்கே சட்பரி நகரில் இருக்கிறார். நவம்பர் பிறந்தால் மனிட்டூலின் தீவுப் பக்கம் மான் வேட்டைக்குப் போய்விடுவார்.

"தம்பி, களவாய்த் துவக்கு வச்சிருக்கிறவன் லைனில நிண்டு பதிவானோ? பதிஞ்சது நாங்கள்தானே" என்பார். பழைய பதிவு அட்டையை இன்னும் மேசை இலாச்சியில் வைத்திருக்கிறார். அதைப் பதிந்த நாளில் நானும் அவர் வீட்டில் இருந்தேன். குழல் தொடங்கும் இடத்தில், எண்ணெய்ப் பிசுக்குக்குக் கீழே, எறும்பு ஊர்ந்தது மாதிரி இலக்கம். நான் டோர்ச் அடிக்க, அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒவ்வொன்றாக வாசித்தார். அது மூன்றா எட்டா என்று அக்காவைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டியிருந்தது. முழுக்க முழுக்கச் சட்டப்படி நடக்கிற மனுசனை ஏன் இந்தப் பாடு படுத்துகிறார்கள் என்று எனக்கும் தோன்றியது.

காசு விஷயத்திலும் அவர் சொல்வதை மறுக்க முடியாது. 1995இல் இந்தப் பதிவேட்டுக்கான சட்டம் வந்தபோது, வரிப்பணத்தில் 2 மில்லியன் டொலர்தான் போகும், மீதி கட்டணமாக வந்துவிடும் என்றார்கள். 2002 டிசம்பரில் கணக்காய்வாளர் நாயகம் ஷீலா ஃபிரேசர், 2004-05க்குள் செலவு 1 பில்லியனைத் தாண்டிவிடும் என்று அறிக்கை வைத்தார். அதற்குப் பிறகு பதிவேடு என்றாலே ஊருக்குச் சிரிப்பு. 2010இல் அதை ஒழிக்க வந்த மசோதா 153க்கு 151 என்று மயிரிழையில் தோற்றது. அடுத்த வருடம், அதை ஒழிக்க நின்ற கொன்சர்வேட்டிவ் கட்சிக்குப் பெரும்பான்மை கிடைத்தது. அப்புறம் கேட்கவா வேண்டும்?

ஆனால் இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1989 டிசம்பர் 6, மொன்றியலில் எக்கோல் பொலிற்றெக்னிக் என்ற பொறியியல் கல்லூரியில் ஒருவன் 14 பெண்களைக் கொன்றான். அவன் கையில் இருந்த ரூகர் மினி-14 ரைபிள் கடையில் சட்டப்படி வாங்கியது. உயிர் தப்பிய மாணவிகளும் இறந்தவர்களின் குடும்பங்களும் விடாமல் நின்றதால்தான் 1995இன் சட்டமே வந்தது. பதிவேடு இருந்திருந்தால் அவனைத் தடுத்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன்.

என் வாதம் வேறு. ஒருவனிடம் இருக்கும் துவக்குகளைத் திரும்ப எடுக்க வேண்டி வருகிற நாளுக்குத்தான் பதிவேடு. உரிமம் இப்போதும் கட்டாயம்தான், அதைப் பலர் மறந்துவிட்டுப் பேசுகிறார்கள். பாதுகாப்புப் பயிற்சி, பின்னணி விசாரணை எல்லாம் உண்டு. விண்ணப்பத்தில் மனைவி கையெழுத்துக்கும் இடம் இருக்கிறது. அக்காவும் போட்டார். சரி, நாளைக்கு ஒரு வீட்டில் அடிதடி, மிரட்டல். நீதிபதி துவக்கெல்லாம் எடுக்கச் சொல்கிறார். பொலிஸ் கதவைத் தட்டுகிறது. எத்தனை இருக்கிறது? பட்டியல் இருந்தால் ஐந்து என்று தெரியும், மூன்றைக் கொடுத்தால் மீதி இரண்டு எங்கே என்று கேட்கலாம். பட்டியல் இல்லையென்றால், மிரட்டினவனையே கேட்டு, அவன் சொல்வதை நம்ப வேண்டும். நாட்டின் பொலிஸ் தலைமை அதிகாரிகளின் சங்கம் பதிவேட்டை வைத்திருக்கச் சொன்னதில் வியப்பில்லை.

எனக்கு ஆறாத கோபம், இருந்த தரவுகளையும் அழித்ததில்தான். கியூபெக் மாகாணம் தன் பங்கையாவது தா என்று வழக்குப் போட்டது. 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று மத்திய அரசின் பக்கம் தீர்த்தது. கட்டின காசு கட்டினதுதான், பட்டியலை ஏன் கொளுத்த வேண்டும்? கியூபெக் முதலிலிருந்து தொடங்கி, 2018 ஜனவரியில் தன் சொந்தப் பதிவேட்டைத் திறந்தது.

2020இல் மினி-14 உட்பட ஏறத்தாழ 1,500 துவக்கு வகைகளுக்கு மத்திய அரசு தடை போட்டது. அவற்றைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்குவதென்றால் யாரிடம் எது இருக்கிறது என்று தெரிய வேண்டும். மினி-14 போன்றவற்றின் பதிவுகள்தான், கியூபெக்குக்கு வெளியே, 2012இலேயே போய்விட்டனவே. "பார்த்தியா, அந்தப் பட்டியல் இருந்திருந்தால் நேரே வாசலுக்கு வந்திருப்பாங்கள், இதுக்குத்தான் பயந்தனாங்கள்" என்றார் அத்தான். அதே செய்தியை வைத்துத்தான் நானும் அவரோடு வாதாடிக்கொண்டிருந்தேன். அவர் பயத்தில் அர்த்தமில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அடி வாங்குகிறவளின் பயத்துக்குப் பக்கத்தில் வைத்தால், என் தராசு அவள் பக்கம்தான் சாயும்.

2022 மே முதல், கடைக்காரர் தான் விற்ற துவக்கின் விவரத்தை 20 வருடம் வைத்திருக்க வேண்டும். ஒன்றுமில்லாததற்கு அது பரவாயில்லை. ஆனால் தாள் கடையில் கிடக்கிறது, பொலிஸ் பார்க்க நீதிமன்ற அனுமதி வேண்டும். கியூபெக்குக்கு வெளியே, அதற்கு முன் வாங்கிய சாதாரண ரைபிள், ஷொட்கன் எல்லாம் எந்த அரசுக் கணக்கிலும் இல்லை. ஒன்ராறியோவில் எத்தனை வீட்டு நிலவறைகளில் எத்தனை ரைபிள் இருக்கிறது என்பது அந்தந்த வீட்டுக்காரருக்கு மட்டும்தான் தெரியும்.