நரம்பு எப்போது வளரும் என்று காத்திருந்த ஒன்றரை வருடம்

மொட்டை மாடியில் காயப்போட்டிருந்த நெல்லை மழைக்கு மூடப் போனேன். கைப்பிடிச் சுவர் கிடையாது. காற்றில் தார்ப்பாய் இழுத்த இழுப்பில் அதோடு சேர்ந்து நானும் கீழே விழுந்தேன். முதுகுத் தண்டில் டி-10 என்ற இடத்தில் அடி, இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியவில்லை. அப்போது எனக்கு 27 வயது.

அன்று இரவே ஆபரேஷன். கம்பியும் ஸ்க்ரூவும் வைத்து எலும்பை நிமிர்த்திவிட்டார்கள், “ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது” என்றார்கள். நாங்கள் அதை நடந்துவிடுவேன் என்று புரிந்துகொண்டோம். கம்பி தாங்குவது எலும்பை மட்டும்தான், உள்ளே நசுங்கிய தண்டுவடத்துக்கு அது ஒன்றும் செய்யாது என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அதை உட்கார்ந்து சொல்ல ஒருவர் கிடைத்திருந்தால் எங்களுடைய முதல் வருடம் வேறு மாதிரி போயிருக்கும்.

நம்பிக்கைக்கு ஒரு காரணமும் இருந்தது. மாமாவுக்குப் பல வருடங்களுக்கு முன்னால் புல் வெட்டும் மெஷினில் மணிக்கட்டு நரம்பு அறுந்தது, தைத்தார்கள், ஆறேழு மாதத்தில் விரல் நுனிவரை உணர்ச்சி வந்துவிட்டது. அதனால் பார்க்க வந்த எல்லோரும் “அவனுக்கு வளர்ந்த மாதிரி உனக்கும் வளரும்” என்றார்கள். கை கால் நரம்பு உண்மையிலேயே வளரும், ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர், அதனால் மணிக்கட்டிலிருந்து விரல் நுனிக்குப் போக அத்தனை மாதம் ஆகிறது. தண்டுவடத்துக்குள் கதை வேறு. அங்கே அறுந்த நரம்பு இழை கொஞ்சம் துளிர்த்துப் பார்த்துவிட்டு நின்றுவிடுகிறது.

இது எனக்குத் தெரியாத நாட்களில்தான் ஒரு கிளினிக்கிலிருந்து அழைத்தார்கள். ஸ்டெம் செல் ஊசி, மூன்று தவணை, நாலரை லட்சம். அம்மா செயினைக் கழற்றிக் கொடுத்தாள், 50,000 முன்பணம் கட்டினோம். “நரம்பு வந்த பிறகு பிசியோ பண்ணிக்கலாம்” என்று அங்கே சொன்ன ஒரு வார்த்தையை நம்பி, தேதிக்காகக் காத்துக்கொண்டு படுத்தே இருந்தேன். ஆறாவது வாரம் துணி மாற்றும்போதுதான் அம்மா பார்த்தாள், வால் எலும்புக்கு மேலே உள்ளங்கை அளவு புண். வலி தெரியாத உடம்பு, அழுகிய வாடை வரும்வரை எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. அது ஆற நான்கு மாதம் ஆனது. முன்பணம் திரும்ப வரவில்லை.

புண் ஆறியதும் வேலூர் பாகாயத்தில் இருக்கும் சிஎம்சி மறுவாழ்வு மையத்துக்குப் போனோம். மேரி வர்கீஸ் பெயரில் இருக்கும் இடம். அவர் டாக்டர், 1954இல் நடந்த வண்டி விபத்தில் அவருக்கே தண்டுவடம் போனது, வீல்சேரில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார், 1966இல் இந்த மையம் தொடங்கியது. நரம்பு வளரவில்லை, ஆனாலும் ஆபரேஷன் செய்திருக்கிறார். அதைக் கேட்ட அன்று இரவு நான் ரொம்ப நேரம் தூங்கவில்லை.

அங்கே முதல் வேலையே ஊசியும் பஞ்சும் வைத்து உடம்பு முழுக்கத் தொட்டுப் பார்ப்பது. ஆசனவாயில் விரல் வைத்தும் பார்ப்பார்கள், கூச்சமாக இருக்கும், ஆனால் அதில்தான் முக்கியமான பதிலே இருக்கிறது. அடியிலிருந்து மூளைவரை ஒரு இழையாவது தப்பியிருக்கிறதா என்பது அங்கேதான் தெரியும். ஏ முதல் இ வரை கிரேடு, எனக்கு ஏ, அதாவது அங்கே உணர்ச்சியும் இல்லை, அசைவும் இல்லை. உணர்ச்சியும் அசைவும் தானாகத் திரும்புவதில் பெரும்பகுதி முதல் சில மாதங்களிலேயே நடந்துவிடும், உங்களுக்கு அந்தக் காலம் தாண்டிவிட்டது என்று ஒரு இளம் டாக்டர் கண்ணைப் பார்த்துச் சொன்னார். அழுதேன். ஆனால் ஒன்றரை வருடத்தில் என்னிடம் உண்மையைச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

கிளினிக் விஷயத்தையும் அவரிடம்தான் கேட்டேன். மூன்று கேள்வி கேட்கச் சொன்னார். இது ஆராய்ச்சியா சிகிச்சையா? ஆராய்ச்சி என்றால் சிடிஆர்ஐ (மனிதர்களிடம் செய்யும் மருத்துவச் சோதனைகளைப் பதிவு செய்யும் இந்தியப் பதிவேடு) பதிவு எண் என்ன? ஊசி போடாத ஆட்களோடு ஒப்பிட்டுப் பார்க்கிறீர்களா? இந்தியாவில் 2017இல் வந்த தேசிய வழிகாட்டுதலின்படி, ரத்த நோய் போன்ற சிலவற்றுக்குச் செய்யும் எலும்பு மஜ்ஜை மாற்று தவிர மற்ற எல்லா ஸ்டெம் செல் ஊசியும் இன்னும் ஆராய்ச்சிதான், ஆராய்ச்சியில் சேருகிறவரிடம் காசு வாங்கக் கூடாது. நான் போனில் பதிவு எண் கேட்டேன், பேசிக்கொண்டிருந்தவர் வைத்துவிட்டார். நீங்களும் தயவுசெய்து பணம் கட்டுவதற்கு முன்னால் இந்த மூன்றையும் கேளுங்கள்.

அதற்குப் பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன், இரவில் போனில், அகராதியோடு. கனடாவின் மான்ட்ரியலில் ஆல்பர்ட் அகுவாயோ குழு 1981இல் செய்த சோதனை என்னை உலுக்கிவிட்டது. எலியின் கால் நரம்பில் ஒரு துண்டை எடுத்துத் தண்டுவடத்துக்குப் பாலம் மாதிரி வைத்தார்கள், வளராது என்று நினைத்த அதே தண்டுவட செல்கள் அந்தப் பாலத்துக்குள் சென்டிமீட்டர் கணக்கில் இழை நீட்டின. அப்படியென்றால் செல்லுக்கு வளரத் தெரியும், சுற்றியிருக்கும் மண்தான் விடவில்லை! சூரிக்கில் மார்ட்டின் ஷ்வாப் அந்தத் தடைகளில் ஒன்றான நோகோ-ஏ என்ற புரதத்தைத் தேடிப் பிடித்தார், அதை அடக்கும் மருந்தைக் கழுத்தில் புதிதாக அடிபட்டவர்களுக்கு ஐரோப்பாவில் கொடுத்துப் பார்த்து 2024இல் முடிவு வெளியானது. மொத்தமாகப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. கொஞ்சம் இழை தப்பியிருந்தவர்களிடம் மட்டும் நம்பிக்கை தருகிற மாதிரி சில மாற்றங்கள். எலியில் தொடங்கி மனிதர்களில் இந்த முடிவு வரவே முப்பது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது, யாரும் ஏமாற்றவில்லை, வேலை அவ்வளவு கடினம். வளர்ந்தால் மட்டும் போதாது, போய்ச் சேர வேண்டிய விலாசத்துக்கே போய்ச் சேர வேண்டும் என்று 2023இல் எலிகளில் காட்டியிருக்கிறார்கள்.

சித்தப்பா மகன் அனுப்பிய ஸ்விட்சர்லாந்து வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள், லோசானில் தண்டுவடத்தின் மேல் மின்முனை வைத்து நடக்க வைப்பது. அதில் நரம்பு வளர்க்கவில்லை, அடிபட்ட இடத்துக்குக் கீழே உறங்கிக் கிடக்கும் நரம்புக் கட்டமைப்பை மின்சாரத்தால் எழுப்புகிறார்கள், கூடவே மாதக்கணக்கில் கடுமையான பயிற்சி. கழுத்தின் தோல் மேல் ஒட்டி மின்சாரம் கொடுக்கும் இன்னொரு கருவியை 60 பேரிடம் சோதித்ததில் 72 சதவீதம் பேருக்குக் கையில் பலமும் பயன்பாடும் கூடியது, 2024 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. எனக்குக் கை நன்றாக இருக்கிறது, அது எனக்கானது இல்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்த, கழுத்தில் அடிபட்ட நண்பனிடம் சொன்னேன், ஸ்பூன் பிடிக்க முடிந்தால் போதும் என்றான்.

நடப்பதைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். எது முதலில் திரும்ப வேண்டும் என்று என்னைக் கேட்டால் சிறுநீர் என்பேன். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை டியூப் போட்டு எடுக்கிறேன், கல்யாண வீடு, பஸ் பயணம் எல்லாமே அந்தக் கணக்கில்தான்.

சோதனைகளில் ஆள் சேர்க்கும் விதிகளையும் வாசித்தேன். பலவற்றில் படுக்கைப்புண் இருந்தால் சேர்க்க மாட்டார்கள், மூட்டு இறுகியிருந்தாலும் கஷ்டம். நரம்புக்காக என்று நான் படுத்துக் கிடந்த அந்த ஆறு வாரம் என்னை நரம்பு ஆராய்ச்சியிலிருந்தே தள்ளி வைத்திருக்கும். இப்போது வீல்சேரில் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை கையூன்றி இடுப்பைத் தூக்குகிறேன், இரவில் கண்ணாடி வைத்துத் தோலைப் பார்க்கிறேன், தினமும் காலிப்பர் (காலைத் தாங்கும் கம்பிச் சட்டம்) போட்டு அரை மணி நேரம் நிற்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிடிஆர்ஐ தளத்தையும் திறந்து பார்த்துவிடுகிறேன்.

போன மாதம் தருமபுரிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா அழைத்தார், மகன் தென்னை மரத்திலிருந்து விழுந்து இருபது நாளாம். எடுத்ததும் “நரம்பு வளருமா தம்பி?” என்றார். எத்தனை மணி நேரமாக மல்லாந்தே படுத்திருக்கிறான் என்று கேட்டேன். காலையிலிருந்து என்றார். “போனை ஸ்பீக்கர்ல போட்டுப் பக்கத்துல வைங்கம்மா, முதல்ல அவனை ஒருக்களிச்சுப் படுக்க வைப்போம், நான் லைன்லயே இருக்கேன்” என்றேன்.