வீட்டிலேயே இருக்கிறது என்றார்

"செட்டிரிசின் வீட்டிலேயே இருக்கு டாக்டர்."

"சரிம்மா. பத்து மில்லிகிராம் கொடுங்க. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம்."

தன் நாய் ஜூலி ஓயாமல் சொறிகிறது என்று கூப்பிட்டிருந்தார். செட்டிரிசின் என்பது மனிதர்கள் ஒவ்வாமை அரிப்புக்குப் போடுகிற மாத்திரை. கால்நடை மருத்துவனான நான் கொடுக்கச் சொன்னேன். இவ்வளவுதான் பேச்சு. மொத்த அழைப்பும் ஒரு நிமிடம்கூட இருக்காது. அவர் சொன்ன அந்த ஒரு வரிக்கும் நான் சொன்ன "சரிம்மா"வுக்கும் நடுவில் ஒரு கேள்வி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அன்றிலிருந்து அந்த இடைவெளியைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த நேரத்தில் கவனக்குறைவாக இருந்தேன் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதுதான் பிரச்சினை. அழைப்பு வந்ததும் ஜூலியின் கேஸ் ஷீட்டை எடுத்து எடையைப் பார்த்தேன். 22 கிலோ. நாய்க்குச் செட்டிரிசின் என்றால் ஒரு கிலோ எடைக்கு ஒரு மில்லிகிராம் என்பது நாங்கள் பொதுவாக வைத்துக்கொள்ளும் கணக்கு, நாளுக்கு ஒருமுறை. அப்படிப் பார்த்தால் இருபது வரை போகலாம். முதல்முறை கொடுக்கிறார்கள், தூக்கம் எவ்வளவு அசத்துமோ தெரியாது, பாதியில் தொடங்கலாம் என்று யோசித்துத்தான் பத்து என்றேன். போனை வைத்தபோது நிதானமாகத்தான் சொல்லியிருக்கிறோம் என்ற திருப்திகூட இருந்தது.

இரவு பதினொன்றரைக்கு மறுபடி அவர். "ஜூலி ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது டாக்டர். சுத்திச் சுத்தி வருது. மூச்சு ரொம்ப வாங்குது."

அரிப்பு மாத்திரை போட்டால் நாய் கொஞ்சம் அசந்து தூங்கலாம். சில நாய்கள் மட்டும் நேர்மாறாகப் பரபரக்கும். அது அடங்கிவிடும். எனக்கு முதலில் தோன்றியது அதுதான். "ஒண்ணும் இல்லம்மா, கொஞ்ச நேரத்தில் சரியாகிடும்" என்ற வாக்கியம் வாய்வரை வந்துவிட்டது. அதைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிப்பதை நானாகவே பாதியில் நிறுத்திக்கொள்கிறேன். எதனாலோ, "அந்த மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து பின்பக்கம் என்ன எழுதியிருக்குன்னு படிங்க" என்றேன்.

எழுத்து பொடியாக இருந்திருக்கும்போல. கண்ணாடியைத் தேடி எடுத்துவந்து, எழுத்துக்கூட்டிப் படித்தார். செட்டிரிசின் 5 மில்லிகிராம். அடுத்த வரி, சூடோஎபிட்ரின் 120 மில்லிகிராம். வீட்டுக்காரருக்குச் சளி பிடித்தபோது வாங்கியதாம்.

"எத்தனை கொடுத்தீங்க?"

"ரெண்டு டாக்டர். அஞ்சு அஞ்சாத்தானே இருந்தது. நீங்க பத்து சொன்னீங்கல்ல, அதான்."

அந்தக் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. சொன்னதைச் சரியாகச் செய்திருக்கிறோம் என்று நம்புகிறவரின் குரல். சொன்னதைச் சரியாகத்தான் செய்திருந்தார். "ஒரு மாத்திரை கொடுங்க" என்று அலட்சியமாகச் சொல்லியிருந்தால் 120 மில்லிகிராம் போயிருக்கும். மில்லிகிராம் கணக்கில் துல்லியமாகச் சொன்னதால் 240 போயிருக்கிறது.

சூடோஎபிட்ரின் மூக்கடைப்புக்கான மருந்து. ரத்தக்குழாய்களைச் சுருக்கி மூக்கைத் திறந்துவிடும். மனிதருக்குச் சின்னப் படபடப்போடு போய்விடுகிற அளவு நாய்க்கு அப்படிப் போகாது. கிலோவுக்கு ஐந்தாறு மில்லிகிராம் போனாலே அறிகுறி தெரியும். பத்து, பன்னிரண்டு என்று ஏறினால் உயிருக்கே ஆபத்து. 240-ஐ 22-ஆல் வகுத்துப் பாருங்கள். நான் போனைக் காதில் வைத்தபடியே வகுத்தேன். கிட்டத்தட்ட பதினொன்று. போதாததற்கு அது பன்னிரண்டு மணி நேரம் சிறுகச் சிறுகக் கரைகிற வகை. அதாவது, அப்போது அவர் பார்த்துக்கொண்டிருந்தது தொடக்கம்தான்.

ஜூலியைத் தூக்கிவந்தபோது கண்ணின் பாப்பா முழுக்க விரிந்து, கண்ணே கறுப்பாகத் தெரிந்தது. ஈறு செங்கல் நிறம். இதயத்துடிப்பை எண்ண முடியாமல் இசிஜி வைத்துத்தான் பார்த்தோம், 200-க்கு மேல். உடல் வெப்பம் 105 டிகிரி ஃபாரன்ஹீட். நாய்க்கு 102 வரை இயல்புதான், 105 இயல்பில்லை. வாந்தி எடுக்கவைக்கிற கட்டம் தாண்டிவிட்டது, அந்தப் பரபரப்பில் எடுக்கவைத்தால் நுரையீரலுக்குள் போய்விடும். பரபரப்பை அடக்குகிற அசிப்ரோமசினை ஊசியாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, டிரிப்ஸ் ஏற்றி, விளக்கை அணைத்து, காதில் பஞ்சு வைத்து, வலிப்பு வருகிறதா என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம். வரவில்லை. விடிகிற நேரத்தில் துடிப்பு 140-க்கு இறங்கியது. அடுத்த நாள் முழுக்க வைத்திருந்து, அதற்கடுத்த நாள் காலையில் அனுப்பினோம். பிழைத்துக்கொண்டது. கதை என்று பார்த்தால் இங்கே முடிந்துவிடுகிறது.

ஆனால் அந்த இரவில் இன்னொன்றும் நடந்தது. அதை நான் யாரிடமும் சரியாகச் சொல்லவில்லை.

நாடியெல்லாம் கொஞ்சம் அடங்கியபின், சும்மா உட்கார்ந்திருந்த நேரத்தில் அதன் காது மடலைத் தடவிக்கொண்டிருந்தேன். விளிம்பு சொரசொரவென்று பொருக்குக் கட்டியிருந்தது. அந்த விளிம்பை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்ததும், அரைமயக்கத்தில் கிடந்த நாயின் பின்னங்கால் தானாகக் காற்றில் சொறிய ஆரம்பித்தது. கால்நடை மருத்துவம் படித்தவர்களுக்கு இது புரியும். சொறிப்பூச்சி இருக்கிறதா என்று பார்க்கிற பழைய சோதனை அது. முழங்கையைப் பார்த்தேன், அங்கேயும் முடி கொட்டிப் பொருக்கு. காலையில் அந்தம்மாவின் முன்கையில் சின்னச் சின்னச் சிவப்புக் கொப்புளங்கள், அந்தப் பூச்சி மனிதருக்கும் தொற்றும். தோலைச் சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்ததில் பூச்சி அகப்படவில்லை. அது பெரும்பாலும் அகப்படாது, சந்தேகம் வந்தாலே வைத்தியம் பார்த்துவிடுவோம். தெள்ளுக்கும் உண்ணிக்கும் கொடுக்கிற மெல்லும் மாத்திரை வகைதான் இதற்கும். சில வாரங்களில் அரிப்பு போய்விட்டது.

ஆக, நான் சொன்ன செட்டிரிசின் நல்ல செட்டிரிசினாகவே இருந்திருந்தாலும் ஜூலிக்கு ஒரு பிரயோஜனமும் இருந்திருக்காது.

இது எனக்கு முன்பே தெரியாதா? தெரியும். செட்டிரிசின் தடுப்பது ஹிஸ்டமின் என்கிற, ஒவ்வாமையின்போது உடலில் வெளிப்படும் பொருளை. நாயின் அரிப்பில் அதன் பங்கு நாம் நினைக்கிற அளவு இல்லை. இன்டர்லூகின் 31 என்கிற சமிக்ஞைப் புரதம்தான் பெரும்பாலும் வேலை பார்க்கிறது. அதனால்தான் 2013-ல் வந்த ஒக்லாசிடினிப் மாதிரியான மருந்துகள் அந்தப் பாதையைக் குறிவைக்கின்றன. விலங்குகளின் ஒவ்வாமை நோய்களுக்கான சர்வதேசக் குழு 2015-ல் புதுப்பித்த வழிகாட்டுதலிலும், தோல் ஒவ்வாமை திடீரெனக் கிளம்பும்போது செட்டிரிசின் மாதிரியான மாத்திரைகளால் பெரிய பலன் இல்லை என்றுதான் இருக்கிறது. கொடுத்தால், அரிப்பு கிளம்புமுன்பே தினமும் கொடுத்துவந்தால், சில நாய்களுக்குச் சுமாராகக் கேட்கும். ஆனால் எதனால் அரிக்கிறது என்று பார்க்காமலே கொடுக்கிற பழக்கம் எங்களிடம் இருக்கிறது. தெள்ளா, சொறிப்பூச்சியா, பூஞ்சையா, சாப்பாடா என்பதெல்லாம் நாயை மேஜையில் ஏற்றினால்தான் தெரியும்.

பின்னே ஏன் சொன்னேன்? கேட்டவருக்கு ஒரு பதில் வேண்டும். ராத்திரி முழுக்கக் கட்டிலுக்கடியில் கர்ரக் கர்ரக் என்று சொறிகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பவரிடம் "நாளைக்குக் கூட்டிவாங்க" என்று மட்டும் சொல்வது கல்நெஞ்சமாகத் தோன்றுகிறது. மருந்து பொதுவாக ஆபத்தில்லாதது. அப்புறம், அழைப்பும் முடியும். இந்தக் கடைசிக் காரணத்தைக் கடைசியில் எழுதியிருக்கிறேன். வரிசை அதுதானா என்று எனக்கே சந்தேகம்.

கூட வேலை பார்க்கும் இளைய மருத்துவர் ஆறுதலாகச் சொன்னார், "சார், நீங்க சொன்ன மருந்து சரி, டோஸ் சரி. வேற மருந்தைக் கொடுத்தது அவங்க." சட்டப்படி பார்த்தால் அப்படித்தான். ஆனால் "வீட்டிலேயே இருக்கு" என்று ஒருவர் சொல்லும்போது அவர் கையில் இருப்பது ஒரு பெயர். மருந்து என்ன என்பது அட்டையின் பின்பக்கத்தில் இருக்கிறது. முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரு பெயர், அதன் வாலில் ஒற்றை ஆங்கில எழுத்து 'டி', மூக்கடைப்பு மருந்தும் சேர்ந்திருக்கிறது என்பதற்கான குறி. அந்த வால் எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. தெரிந்தவன் கேட்கவில்லை என்றால் தெரியாதவர் எப்படிச் சொல்வார்?

சரி, கேட்டிருக்க வேண்டும். ஆனால் எத்தனை கேட்பது? இப்போது நான் கேட்கிற பட்டியல் நீண்டுவிட்டது. அட்டையின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறேன். ஒரே ஒரு மருந்துதான் அதில் இருக்க வேண்டும், பாராசிட்டமாலோ மூக்கடைப்பு மருந்தோ கூட இருந்தால் தொடவே கூடாது. 'லீவோ' என்று தொடங்கினால் அது பாதி அளவிலேயே அதே வேலையைச் செய்கிற மருந்து, செட்டிரிசின் கணக்கை அப்படியே போடக் கூடாது. சிரப் என்றால் இனிப்புக்கு என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். சைலிட்டால் இருந்தால் நாயின் சர்க்கரை அளவு சட்டென்று சரியும், ஈரலும் போகலாம். தடவுகிற களிம்பு என்றால் நாய் நக்கும், மருந்து வயிற்றுக்குள் போய்விடும். கண்ணில் அழுத்த நோய், சிறுநீர் அடைப்பு, வலிப்பு, சினை ஏதாவது உண்டா என்றும் கேட்க வேண்டும். இதையெல்லாம் கேட்டு முடிக்க ஏழெட்டு நிமிடம் ஆகிறது. வெளியே ஆட்கள் காத்திருக்கிறார்கள். சில நாட்கள் பாதியைத்தான் கேட்கிறேன், எந்தப் பாதி என்பதை அன்றைய கூட்டம் தீர்மானிக்கிறது.

ஒரேயடியாகப் போனில் மருந்தே சொல்வதில்லை என்று கொஞ்ச நாள் இருந்து பார்த்தேன். ஒருவர் கேட்டார், "நேரில் பார்க்காமல் சொல்ல மாட்டேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் கழித்து நாயோடு வந்தார். நடுவில், குழந்தைக்கு வாங்கிய சளி மருந்தை ஒரு குத்துமதிப்பில் ஊற்றிக் கொடுத்திருக்கிறார். பாராசிட்டமால் கலந்தது. நாய் பெரியது, அளவு குறைவு, ஒன்றும் ஆகவில்லை. நான் சொல்லியிருந்தால் அதைக் கொடுத்திருக்க மாட்டார். சொல்லாததால் கொடுத்தார். அப்படியானால் ஜூலி விஷயத்தில் நான் சொன்னது சரியா? இந்தக் கேள்வியை எந்தப் பக்கம் திருப்பினாலும் இன்னொரு நாய் வந்து நிற்கிறது.

கடைசியாக ஒன்று. ஜூலியை வீட்டுக்கு அனுப்பிய காலையில் அந்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லேன்னா போயிருக்கும் டாக்டர்" என்றார். எனக்கு அந்த இடத்தில் சொல்ல வேண்டியது இருந்தது. சொன்னது வேறு. "அட்டைக்குப் பின்னாடி பார்த்திருக்கணும்மா" என்றேன். பொய்யில்லை. பார்த்திருக்கத்தான் வேண்டும். அவர் முகம் சுருங்கிப்போய், "ஆமாம் டாக்டர், என் தப்புதான்" என்றார். நான் மறுக்கவில்லை. மருந்துச் சீட்டை எழுதிக்கொண்டிருந்தேன்.

இப்போதும் அவ்வப்போது கூப்பிடுகிறார். ஜூலிக்கு வயிறு சரியில்லை, காதில் அழுக்கு, இப்படி ஏதாவது. வீட்டில் ஏதேனும் மருந்து இருந்தால், நான் கேட்கும் முன்பே அட்டையை எடுத்துவைத்துக்கொண்டு முழுவதையும் வாசிக்கிறார். மருந்தின் பெயர், அளவு, தயாரித்த மாதம், காலாவதி மாதம், உரிம எண், குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும் என்பது வரை. "போன தடவை மாதிரி தப்புப் பண்ணிடக் கூடாதுல்ல டாக்டர்" என்று சிரிக்கிறார். போன வாரமும் அப்படித்தான். நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தி, "இருக்கீங்களா டாக்டர்?" என்றார்.

"இருக்கேம்மா. படிங்க" என்றேன்.