எல்லைக் கல்லில் முடிந்துவிடும் வரைபடம்

1911 வரை சித்தூர்தான் வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைமையிடம் என்று சொன்னால் காட்பாடியில் பலர் நம்ப மறுக்கிறார்கள். பின்னர் 1953-இல் ஆந்திரம் தனி மாநிலமானது. 1960-இல் திருத்தணி தமிழகப் பக்கம் வந்தது. எல்லைக் கோடு இத்தனை முறை மாறியும், குடியாத்தத்துச் சுற்றுவட்டார மாங்காய் இன்றும் சித்தூர்க் கூழ் ஆலைகளுக்குத்தான் லாரி ஏறுகிறது. அங்கிருந்து வைத்தியத்துக்கு வேலூர் வருவோருக்கும் குறைவில்லை.

சித்தூர் வழியாக இராணிப்பேட்டை வரும் 40-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை மத்திய அரசின் பொறுப்பு. அதில் எல்லை கடந்ததே தெரியாது. என் கவலை ஊர்களை இணைக்கும் சிறு சாலைகளைப் பற்றியது. எல்லையோர ஊரான பரதராமிக்கு அப்பால் நான் அடிக்கடி போகும் ஒரு சாலையில், நம் தார் எல்லைக் கல்லருகே கத்தியால் வெட்டியதுபோல் முடிந்து, ஒரு சாண் பள்ளத்தில் ஜல்லியாகத் தொடர்கிறது. பால் கேன் கட்டிய வண்டிக்காரர்கள் அந்த இடத்தில் இறங்கித் தள்ளித்தான் போகிறார்கள். மழைக்காலத்தில் நம் சிறுபாலத்து நீர் முழுவதும் அவர்கள் சாலையில் பாய்கிறது.

காரணம் பணமன்று. ஊர்களின் வளர்ச்சியை வகுக்கும் நம் முழுமைத் திட்டங்கள் (மாஸ்டர் பிளான்) 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி தயாராகின்றன. அச்சட்டம் மாநில எல்லையோடு முடிவதால், அந்தப் பக்கம் தாளில் வெள்ளையாகவே கிடக்கிறது. இத்தனைக்கும் நிலங்களின் எல்லையைக் காட்டும் இருபுறத்துப் புலப்படங்களும் பழைய சென்னை மாகாண நில அளவையின் வழிவந்தவையே. தில்லியைச் சுற்றியுள்ள பகுதிக்கு 1985-இல் தனிச் சட்டமியற்றிப் பல மாநிலங்களுக்கும் பொதுவான திட்ட வாரியம் அமைத்தார்கள். நமக்கு அத்தனை பெரிய ஏற்பாடு தேவையில்லை; இரு பக்கத்துப் பொறியாளர்களும் ஒரே தாளில் சாலையின் அகலத்தையும் மட்டத்தையும் வடிகாலையும் குறித்துக் கையெழுத்திட்டால் போதும்.

2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கின்போது, இதே எல்லையில் சைனகுண்டாவிலும் பொன்னைப் பக்கத்திலும் சாலைக்குக் குறுக்கே சுவரே எழுப்பினார்கள். கண்டனம் கிளம்பியதும் இடித்தார்கள். கட்டவும் இடிக்கவும் சில நாள்களே பிடித்தன. இரண்டு சாலைகளின் மட்டத்தைச் சமமாக்க மட்டும் ஆண்டுக்கணக்கில் கோப்பு நகர வேண்டியிருக்கிறது.

அடுத்த கிராம சபையில், பள்ளத்தில் முடியும் அந்தச் சாலையோரத்து நம் ஊரார் புதிய தார்ச்சாலை கேட்கப்போவதாகச் சொன்னார்கள். மதிப்பீட்டில் எல்லைக் கல்லுக்கு அப்பாலுள்ள மட்டத்தையும் முதலில் அளந்து எழுதச் சொல்லுங்கள் என்றேன்.